கொல்லிமலையில் ஆன்டிபயாடிக்: மருத்துவர் சொல்ல வேண்டியது என்ன?

ஆன்டிபயாடிக் மருந்துகள் பயனிழந்துவருவது குறித்த விவாதங்கள் பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளையும் ஆய்வகங்களையும் சுற்றியே நடக்கின்றன. ஆனால், அந்த மருந்தை எழுதுவதா வேண்டாமா என்னும் முடிவு நாள்தோறும் மிக அதிகமாக எடுக்கப்படுவது ஆரம்ப சுகாதார நிலையங்களின் புறநோயாளிப் பிரிவிலும் சிறு கிளினிக்குகளிலும்தான். சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வருபவரிடம் மருத்துவர் என்ன கேட்கிறார், என்ன சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதைப் பொறுத்தே மருந்துச் சீட்டில் ஆன்டிபயாடிக் இடம்பெறுகிறது. 2017-ல் 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து வெளியான ஆய்வு ஒன்று, இந்தியாவில் முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளியுடன் செலவிடும் நேரம் சராசரியாக ஏறத்தாழ 2 நிமிடம் என்றும், சுவீடனில் அது 22 நிமிடத்தைத் தாண்டுகிறது என்றும் குறிப்பிட்டது. இரண்டு நிமிடத்தில் மருந்து எழுதிவிட முடியும். மருந்து ஏன் தேவையில்லை என்பதை விளக்கி நோயாளியை ஏற்கவைப்பது கடினம்.

இந்தச் சிக்கல் சமவெளியைவிட மலையில் கூர்மையாகிறது. நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள கொல்லிமலைக்கு, அடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். வளப்பூர்நாடு, அரியூர்நாடு, குண்டூர்நாடு, தேவனூர்நாடு, வாழவந்திநாடு என ‘நாடு’ என்று முடியும் பெயர்களைத் தாங்கிய ஊராட்சிகளில், மேடும் பள்ளமுமாகச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் வாழும் மக்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். மிளகு, காப்பி, வாழை, பலா, மரவள்ளி சாகுபடியையும் கூலி வேலையையும் நம்பி வாழ்பவர்கள். ஓரத்து ஊர் ஒன்றிலிருந்து மலையின் முக்கிய ஊரான செம்மேட்டுக்கு வந்து மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு நடையும் பேருந்துக்கான காத்திருப்புமாக ஒரு நாள் போய்விடும். அந்த நாளின் கூலியும் போய்விடும்.

மலையில் பணிபுரியும் மருத்துவர் ஒருவர் தேவை உறுதிப்படாத நிலையிலும் ஆன்டிபயாடிக் எழுதுகிறார் என்றால், அதற்கு அறியாமையையோ அலட்சியத்தையோ மட்டும் காரணமாகக் கூறுவது நியாயமாகாது. ‘இவர் இன்று போனால் நாளை மறுநாள் திரும்பி வருவாரா, இரவில் மூச்சுத் திணறினால் வண்டி கிடைக்குமா’ என்னும் அச்சம் அவருக்கு உண்மையாகவே இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று எழுதப்படும் மாத்திரை அந்த அச்சத்துக்கான மருந்தாகவும் ஆகிவிடுகிறது. ஆகவே, ‘தேவையின்றி எழுதாதீர்கள்’ என்று சுற்றறிக்கை அனுப்புவதால் மட்டும் மலையில் எதுவும் மாறப்போவதில்லை. நோயாளி திரும்பி வருவதற்கான வழியை உறுதிசெய்து, எப்போது திரும்பி வர வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லி அனுப்பும் பேச்சே அந்த மாத்திரையின் இடத்தை நிரப்பக்கூடியது.

ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியா என்னும் நுண்ணுயிரிகளைக் கொல்லும் அல்லது பெருகவிடாமல் தடுக்கும் மருந்து. சாதாரண சளி, ஃப்ளூ காய்ச்சல், பெரும்பாலான தொண்டை வலி ஆகியவற்றுக்குக் காரணமான வைரஸ்கள் மீது அதற்கு எந்தப் பிடியும் கிடையாது. தேவையின்றி உட்கொள்ளும்போது, உடலில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்களில் மருந்துக்கு மடியாதவை மட்டும் தப்பிப் பிழைத்துப் பெருகுகின்றன. அவை பிறருக்கும் பரவுகின்றன. இதையே மருந்து எதிர்ப்பு என்கிறோம். ‘உடம்புக்கு மருந்து பழகிவிட்டது’ என்று மக்கள் பரவலாக நினைப்பதுண்டு. மருந்துக்குப் பழகுவது உடம்பன்று, கிருமி. எனவே, ஆன்டிபயாடிக்கே சாப்பிட்டிராத ஒரு பச்சைக் குழந்தையையும் மருந்துக்கு அடங்காத கிருமி தாக்கக்கூடும். இந்த ஒரு செய்தியை மருத்துவர்கள் விளக்கினாலே, பக்கத்து வீட்டுக்காரர் விழுங்கும் மாத்திரைக்கும் தன் குழந்தைக்கும் தொடர்பு உண்டு என்பதை ஒரு தாய் புரிந்துகொள்வார். 2019-ல் மட்டும் உலக அளவில் 12.7 லட்சம் மரணங்களுக்கும் இந்தியாவில் ஏறத்தாழ 3 லட்சம் மரணங்களுக்கும் மருந்து எதிர்ப்பே நேரடிக் காரணம் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது.

நோயாளிகள்தாம் ஊசியும் ‘பவர்’ மாத்திரையும் கேட்டு வற்புறுத்துகிறார்கள் என்பது மருத்துவர்கள் பலர் சொல்லும் விளக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், மருத்துவர்கள் எண்ணும் அளவுக்கு அது உண்மையா என்பது ஐயத்துக்குரியது. அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்களிடையே நடத்தப்பட்டு 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், வைரஸ் தொற்று என்று கருதிய நேர்வுகளில், பெற்றோர் ஆன்டிபயாடிக்கை எதிர்பார்க்கிறார்கள் என்று மருத்துவர் நினைத்தபோது 62 சதவீதத்தினருக்கும், அப்படி நினைக்காதபோது 7 சதவீதத்தினருக்கும் அந்த மருந்து எழுதப்பட்டது. பெற்றோர் உண்மையில் என்ன எதிர்பார்த்தார்கள் என்பது பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை. மருத்துவரின் ஊகமே சீட்டைத் தீர்மானித்தது. செம்மேட்டுக்கு நடந்து வரும் ஒரு தகப்பனின் மனத்தில் இருப்பது குறிப்பிட்ட ஒரு மாத்திரையின் பெயராக இருக்க வாய்ப்பு குறைவு; பிள்ளைக்கு வந்திருப்பது ஆபத்தான நோயா, எப்போது சரியாகும், திரும்பவும் வர வேண்டியிருக்குமா என்பவையே அவருடைய கேள்விகள். அவற்றுக்குப் பதில் கிடைக்காத இடத்தில் மருந்துதான் பதிலாக மிஞ்சுகிறது.

எத்தனை நாளில் சரியாகும் என்னும் கேள்வியை எடுத்துக்கொள்வோம். மூச்சுக்குழாய் அழற்சியால் வரும் இருமல் சராசரியாக 18 நாள் நீடிக்கிறது என்றும், மக்களோ 7 முதல் 9 நாளில் அது நின்றுவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்றும் 2013-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இந்த இடைவெளியில்தான் தேவையற்ற ஆன்டிபயாடிக்கின் பெரும்பகுதி நுழைகிறது. ஒரு வாரத்தில் இருமல் நிற்காதபோது, முதல் மருந்து ‘கேட்கவில்லை’ என்று முடிவுசெய்து நோயாளி வேறொரு மருத்துவரிடமோ மருந்துக் கடைக்கோ செல்கிறார். அங்கே கூடுதல் வீரியமுள்ள மருந்து கிடைக்கிறது. தானாகவே தணியும் காலம் வந்து இருமல் தணியும்போது, அந்தப் பெருமை இரண்டாவது மருந்துக்குப் போய்ச் சேர்கிறது. அடுத்த முறை அவர் நேராக அதையே கேட்பார். ‘இந்த இருமல் இரண்டு, மூன்று வாரம் இருக்கும், படிப்படியாகக் குறையும்’ என்று முதல் நாளே சொல்லப்பட்டிருந்தால் இந்தச் சங்கிலி தொடங்கியே இருக்காது.

எனினும், அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ பொருந்தும் இந்த அறிவுரையை அப்படியே மலைக்கு ஏற்றிவிட முடியாது என்பதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது இந்தியாவின் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் அடிப்படை விதி. ஆகவே, ‘இருமல் தானாகப் போய்விடும்’ என்னும் ஆறுதலோடு, ‘இரண்டு வாரம் தாண்டினால் சளியைச் சோதிக்கக் கட்டாயம் வாருங்கள், மாலையில் காய்ச்சல், எடைக் குறைவு, சளியில் ரத்தம் இருந்தால் அதுவரை காத்திருக்காதீர்கள்’ என்னும் எச்சரிக்கையும் சேர்ந்தே சொல்லப்பட வேண்டும். அதோடு, லெவோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கக்கூடியவை. நீடித்த இருமலுக்கு ஆராயாமல் அவற்றைக் கொடுத்தால், நோய் தற்காலிகமாகத் தணிந்ததுபோல் தோன்றி, கண்டறிவது தள்ளிப்போகும். அதற்குள் வீட்டில் உள்ளவர்களுக்கும் அது பரவியிருக்கும்.

காய்ச்சலின் கதை இதைவிடச் சிக்கலானது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில், குறிப்பாகப் புதரும் காடும் விளைநிலமும் கலந்த இடங்களில் காணப்படும் ஸ்கரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல், கண்ணுக்கு எளிதில் புலப்படாத மிகச் சிறிய ஒட்டுண்ணியின் கடியால் பரவும் பாக்டீரியா தொற்று. உரிய நேரத்தில் டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். பரவலாக எழுதப்படும் அமாக்சிசிலினோ செஃபிக்சிமோ இந்த நோயைத் தொடக்கூட மாட்டா. எதற்கும் இருக்கட்டும் என்று ஏதோ ஓர் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்து அனுப்பும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மருத்துவரும் நோயாளியும் சிகிச்சை தொடங்கிவிட்டதாக நம்பியிருக்கும்போதே நோய் முற்றிக்கொண்டிருக்கும்.

இந்த நோயைக் கண்டறிய உதவும் முதன்மை அடையாளம், ஒட்டுண்ணி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் தோன்றும் கறுத்த பொருக்குப் புண். அது வலிக்காது, அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, இடுப்பு போன்ற மறைவான இடங்களிலேயே பெரும்பாலும் இருக்கும் என்பதால், நோயாளிக்கே தெரியாமல் போகலாம். காட்டுக்குப் போனீர்களா, மிளகுத் தோட்டத்தில் களை எடுத்தீர்களா, எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டு, மறைவில், பெண் நோயாளி என்றால் செவிலியரின் துணையோடு, உடலைப் பார்த்தால் மட்டுமே அது கண்ணில் படும். இதற்கு எந்தப் பெரிய கருவியும் தேவையில்லை. நேரமும் நம்பிக்கையும்தான் தேவை. தனக்குத் தெரியாத சமவெளி மருத்துவரிடம் ஒரு மலைப் பெண் உடலைக் காட்டச் சம்மதிப்பது, அதற்கு முந்தைய ஒரு நிமிடப் பேச்சில் அவர் எப்படி நடத்தப்பட்டார் என்பதைப் பொறுத்தது. கடுமையான ஸ்கரப் டைபஸ் நோய்க்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுப்பது கூடுதல் பயன் தரும் என்பதை 2023-ல் உலகுக்கு நிறுவிக்காட்டியது வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்தியாவில் நடந்த ஆய்வுதான். அந்த அறிவு நம்மிடமே உள்ளது. அது புறநோயாளிப் பிரிவின் மேசைக்கு வந்துசேர வேண்டும்.

மருத்துவ விளக்கத்தின் வலிமையைக் கொல்லிமலை முன்பே கண்டிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்து தங்கிய ஆங்கிலேய மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்டும் அவருடைய மனைவி ஈவ்லினும் மலை மக்களுக்குக் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் மருத்துவம் பார்த்தார்கள். அவர்களுடைய மகனாக 1914-ல் இம்மலையில் பிறந்து, பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவைச் சிகிச்சைக்காக உலகப் புகழ் பெற்ற பால் பிராண்ட், நரம்புச் சிலந்திப் புழு நோயால் மக்கள் பட்ட பாட்டையும், கிணற்று நீரை எப்படிக் காப்பது என்று தந்தை ஊர் ஊராக எடுத்துச் சொன்னதையும் பதிவு செய்திருக்கிறார். அந்த நோய்க்கு இன்றுவரை மருந்தோ தடுப்பூசியோ கிடையாது. நீரை வடிகட்டுவது, புண்ணோடு நீர்நிலையில் இறங்காதிருப்பது ஆகியவற்றை மக்கள் புரிந்து ஏற்றது அது ஒழியப் பெரிதும் உதவியது. 2000-ல் இந்தியா முழுவதும் அந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது. ஜெஸ்ஸி பிராண்ட் 1929-ல் மலேரியாவின் கடும் விளைவால் இறந்த பின்னும், முதுமையில் மலைக்கே திரும்பிவந்து உழைத்த ஈவ்லின் 1974-ல் 95-ஆம் வயதில் காலமானார். அவர்களுடைய மதப் பணியைப் பற்றிப் பலவிதக் கருத்துகள் இருக்கலாம். மலை மக்களுக்கு விளக்கினால் புரியாது என்று இன்றும் சிலர் கூறும் எண்ணத்தை அந்த வரலாறு மறுக்கிறது.

மருந்தை எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்பதிலும் சொல்லும் முறை மாறியாக வேண்டும். குறைந்த அளவில் மருந்தைச் சாப்பிட்டால் கிருமிகள் தாங்கும் வலிமை பெற்றுவிடும் என்று பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-ல் தம் நோபல் உரையிலேயே எச்சரித்தார். காசநோய்க்கும் தொழுநோய்க்கும் இந்த எச்சரிக்கை இன்றும் முழுமையாகப் பொருந்தும். காசநோயாளிகளுக்கு வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை அளிப்பது, மருத்துவமனையில் தங்கவைத்து அளிப்பதற்கு இணையான பலன் தரும் என்று உலகுக்கு நிரூபித்தது, 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம். நோயாளிகளின் வீடுகளுக்கே சென்று, மருந்தை விடாமல் சாப்பிட வேண்டிய காரணத்தைக் குடும்பத்தாருக்கு விளக்கிய பணியாளர்கள் அந்த வெற்றியின் பாதி. ஆனால், பல சாதாரண பாக்டீரியா தொற்றுகளுக்கு முன்பு நினைத்ததைவிடக் குறைந்த நாள் மருந்தே போதும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன; எல்லா நோய்க்கும் பொதுவாக ‘கோர்ஸை முடியுங்கள்’ என்று சொல்வதன் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கி 2017-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியானது. இதற்காக நோயாளி தன் விருப்பப்படி நிறுத்திவிடலாம் என்று பொருளாகாது. ‘இந்த நோய்க்கு ஐந்து நாள் போதும், மிச்சமிருந்தால் யாருக்கும் கொடுக்காதீர்கள்’ என்றோ, ‘இது காசநோய், ஆறு மாதமும் ஒரு நாள்கூட விடக் கூடாது’ என்றோ நோய்க்கேற்ப மருத்துவர் காரணத்தோடு சொல்ல வேண்டும் என்பதே பொருள்.

பிரிட்டனில் ‘பொறுத்திருந்து பயன்படுத்தும் சீட்டு’ என்னும் முறை வழக்கில் உள்ளது. மருந்துச் சீட்டைக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று நாளில் குறையவில்லை என்றாலோ மோசமானாலோ மட்டும் மருந்தை வாங்கிக்கொள்ளச் சொல்வது அது. மூச்சுத் தொற்றுகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடனடியாக மருந்து தரப்பட்டவர்களில் 93 சதவீதத்தினரும் பொறுத்திருக்கச் சொல்லப்பட்டவர்களில் 31 சதவீதத்தினரும் ஆன்டிபயாடிக்கைப் பயன்படுத்தியது தெரியவந்தது. கொல்லிமலையில் சீட்டை மட்டும் கொடுத்து அனுப்பினால், மருந்துக்காக மீண்டும் ஒரு நாளை இழக்க வேண்டும். மருந்தையே கையில் கொடுத்து அனுப்பினால், அது உடனே விழுங்கப்படும் அல்லது வீட்டில் உள்ள வேறொருவருக்குப் போகும். இதற்கு இடைப்பட்ட வழி, துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கிறது. இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரையிலான குழந்தை நிமிடத்துக்கு 50 தடவையோ அதற்கு மேலோ, ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தை 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டால் நிமோனியா இருக்கலாம் என்று எண்ணிப் பார்த்துக் கண்டறியும் முறை அவருக்குக் கற்பிக்கப்பட்டதுதான். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலும் 14 நாள் துத்தநாக மாத்திரையுமே முதன்மைச் சிகிச்சை என்பதும், மலத்தில் ரத்தம் கண்டால் மட்டுமே பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படும் என்பதும் அவருக்குத் தெரியும். மருத்துவர், ‘நாளை மறுநாள் உங்கள் ஊர் சிஸ்டர் வந்து பார்ப்பார், நான் அவரிடம் போனில் சொல்கிறேன்’ என்று சொல்லி அனுப்பி, அதன்படியே செய்தால், எதற்கும் இருக்கட்டும் என்று எழுத வேண்டிய தேவை பெருமளவு குறையும்.

மருந்துக் கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்-1 அட்டவணை விதிப்படி, செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின் உள்ளிட்ட மருந்துகளைச் சீட்டின்றி விற்கக் கூடாது. வாங்கியவர், எழுதியவர் பெயர்களைப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆனால், 2019-ல் இந்தியத் தனியார் துறையில் மிக அதிகமாகப் பயன்படுத்தப்பட்ட ஆன்டிபயாடிக்கான அசித்ரோமைசின் 500 மி.கி. மாத்திரை அந்த அட்டவணையிலேயே இல்லை. கோழிப் பண்ணைகளில் புழங்கும் ஆன்டிபயாடிக்கையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த மலையின் அடிவாரத்தில் விரிந்திருக்கும் நாமக்கல் மாவட்டம் நாட்டின் முட்டை உற்பத்தியில் முன்னணியில் நிற்பது. மனிதர்களுக்குக் கடைசிப் புகலிடமான கொலிஸ்டின் என்னும் ஆன்டிபயாடிக்கை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்துவதற்கு மத்திய அரசு 2019-ல்தான் தடை விதித்தது. மருந்து எதிர்ப்பின் பொறுப்பு முழுவதையும் மலையேறி வரும் நோயாளியின் தலையில் சுமத்துவது அநீதி என்பதற்காகவே இவை இங்கே குறிப்பிடப்படுகின்றன.

மருத்துவரின் பேச்சு என்பது பிறவிக் குணம் என்று கருதி அதைப் பயிற்சிக்கு அப்பாற்பட்டதாக விட்டுவிடுவதும் தவறு. ஐரோப்பாவின் ஆறு நாடுகளில் 246 மருத்துவ நிலையங்களில் நடத்தப்பட்டு 2013-ல் வெளியான ஆய்வில், மூச்சுத் தொற்று நோயாளிகளிடம் பேசும் முறையில் இணையவழிப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் 36 சதவீதத்தினருக்கும், அப்பயிற்சி பெறாதவர்கள் 45 சதவீதத்தினருக்கும் ஆன்டிபயாடிக் எழுதியிருந்தார்கள். தமிழ்நாட்டில் கடினமான பகுதிகளில் பணிபுரியும் அரசு மருத்துவர்களுக்குப் பட்டமேற்படிப்புச் சேர்க்கையில் ஊக்க மதிப்பெண் உண்டு. அது மலைக்கு மருத்துவர்களை வரவழைக்கிறது என்றாலும், மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததும் அவர்கள் இறங்கிவிடுவதால், ஊரையும் குடும்பங்களையும் அறிந்த ஒருவரிடம் தொடர்ந்து பேசும் வாய்ப்பு மக்களுக்குக் கிட்டுவதில்லை. புதிதாக வருபவருக்கு மலையின் நோய்களையும் மக்களின் கேள்விகளையும் அங்கேயே பணிபுரியும் செவிலியர்களைக் கொண்டு அறிமுகப்படுத்துவதைச் சுகாதாரத் துறை முறைப்படியான பயிற்சியாகவே ஆக்க வேண்டும். காய்ச்சல் நோயாளி ஒருவரை முழுதாகப் பரிசோதிக்க நேரம் கிடைக்கும் வகையில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மாதாந்திர மாத்திரை வாங்க வருவோரின் வரிசையை, 2021-ல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக வீட்டுக்கே மாற்றிவிடுவதை இந்த மலையில் முழுமையாக்க வேண்டும்.

ஆன்டிபயாடிக் எழுதும்போது அதற்கான காரணத்தையும் சீட்டில் குறிப்பிட வேண்டும் என்று மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியில் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. சீட்டில் எழுதப்படும் அந்தக் காரணம் நோயாளிக்குத் தமிழில் சொல்லப்படவும் வேண்டும். எத்தனை நாளில் குணமாகும், எந்த அறிகுறி தெரிந்தால் காத்திருக்காமல் வர வேண்டும், யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பவை அதே சீட்டின் பின்புறம் எழுதப்பட வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை. மருத்துவர் தாமாகச் சொல்லாவிட்டால் இந்தக் கேள்விகளைக் கேட்பது நோயாளியின் உரிமை. கேட்பவர்மீது முகம் சுளிக்காமல் பதில் சொல்வது மருத்துவரின் கடமை. செம்மேட்டிலிருந்தும் மலையின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்தும் இதை மாவட்ட நிர்வாகம் உடனே தொடங்க வேண்டும்.